கணினி தரும் வண்ணமும் நம் வீட்டுச் சுவரும்



தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு, வீட்டுச் சுவரின் நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய வேலை அதிகம் இருந்ததில்லை. நிர்வாகம் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தால் சுவர் வெள்ளை. ஒரு கதவுக்கு எந்தச் சாயம் வந்ததோ, அதே சாயம்தான் வரிசையில் உள்ள எல்லாக் கதவுகளுக்கும். நம் வீடு எது, அடுத்த வீடு எது என்பதை வாசலில் இருந்த துளசிச் செடியையும் கொடியில் காய்ந்த துணியையும் பார்த்துத்தான் அடையாளம் கண்டோம்.

இன்று நம்மில் பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டன. ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணத்தையும் வங்கிக் கடனையும் கொண்டு சொந்த வீடு வாங்குகிறார்கள். பழைய வீட்டைப் பெரிதாக்கிக் கட்டுகிறார்கள். பிள்ளைகளில் சிலர் தொழிற்கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் கட்டட வரைபடம் வரையக் கற்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது கோல்பலகையும் மைப்பேனாவும் அல்ல, கணினி.

இப்படி ஒரு வீட்டை நினைத்துக் கொள்வோம். மகள் கணினியைத் திறந்து, கட்டப் போகும் வீட்டின் படத்தைக் காட்டுகிறாள். சுவர் இளம் மஞ்சள், சன்னல் ஓரம் பச்சை. பார்த்தவர் எல்லாரும் மகிழ்கிறார்கள். அப்பா அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் பிடித்துக்கொண்டு சாயக்கடைக்குப் போகிறார். கடைக்காரர் படத்தைப் பார்த்து ஒத்து வரும் என்று நினைத்ததைக் கலந்து கொடுக்கிறார். ஐந்து தகரம் சாயம் வீட்டுக்கு வருகிறது. அடித்து முடித்தபின் பார்த்தால், சுவர் இளம் மஞ்சளாக இல்லை. எலுமிச்சம் பழம் போலப் பளீரென்று இருக்கிறது. கலந்து கொடுத்த சாயத்தைக் கடைக்காரர் பொதுவாகத் திரும்ப வாங்குவதில்லை. பணமும் போயிற்று. "இதற்குத்தான் இத்தனை வருடம் படித்தாயா?" என்ற பேச்சும் வந்துவிடுகிறது.

பிள்ளை சோம்பேறி அல்ல. கடைக்காரர் ஏமாற்றவும் இல்லை. கணினி எடுத்துக் கொடுத்த நிறத்தை அப்படியே ஏற்றுக்கொண்டதுதான் தவறு. கட்டட வரைபட மென்பொருளில் முன்னதாகவே வைக்கப்பட்டிருக்கும் நிறங்களை நம் தேவைக்கேற்ப எப்படி மாற்றி அமைத்துக்கொள்வது என்பதையே இன்றைய உரையில் பார்க்கப் போகிறோம்.

ஓவியர் ஒருவர் படம் தீட்டும்போது, பல நிறங்களை ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொள்கிறார். அதற்கு வண்ணத்தட்டு என்று பெயர். கணினி மென்பொருளிலும் அப்படி ஒரு வண்ணத்தட்டு உண்டு. மென்பொருளைச் செய்தவர்கள் சில நிறங்களை அதில் வைத்துத்தான் நம்மிடம் கொடுக்கிறார்கள். தீபாவளிக்கு வண்ண அரிசியால் கோலம் போடும் தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். கடையில் வாங்கிய வண்ணப் பொடிகள் நான்கைந்துதான். ஆனால் கோலத்தில் பத்து வகை நிறம் தெரிகிறது. எப்படி? இரண்டைக் கலக்கிறோம், அரிசியைக் கூட்டிப் பொடியைக் குறைத்து நிறத்தை வெளிற வைக்கிறோம், கண்ணைக் குத்தும் நிறத்தை ஒதுக்கி வைக்கிறோம். கடைப்பொடி தொடக்கம்தான், கோலத்தின் நிறம் நம்முடைய முடிவு. கணினியின் வண்ணத்தட்டையும் அப்படித்தான் கருத வேண்டும்.

கட்டட வரைபடத்தில் நிறத்திற்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, அடையாளம் காட்டுவது. மற்றொன்று, சுவருக்குப் பூசப் போகும் சாயத்தைக் காட்டுவது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தொல்லை வருகிறது.

முதலில் அடையாள நிறத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் மரத்தில் சாயத்தால் ஒரு கோடு போட்டிருந்தால், அது மரத்தை அழகுபடுத்துவதற்காக அல்ல. 'இங்கிருந்து இன்னார் நிரை' என்பது போன்ற ஏதோ ஒரு செய்தியை அது சொல்கிறது. ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளிலும் நிறம் நெடுங்காலமாக அப்படித்தான் பயன்பட்டு வருகிறது.

ஆட்டோகேட் முதன்முதலில் 1982ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்தக் காலத்தில் கணினியில் வரைந்த படத்தைத் தாளில் எடுப்பதற்குப் பேனாக்கள் பொருத்திய இயந்திரம் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அந்த இயந்திரம் தானே ஒவ்வொரு பேனாவாக எடுத்துத் தாளில் கோடு போடும். எந்தக் கோட்டை எந்தப் பேனாவால் போடுவது என்று அதற்கு எப்படிச் சொல்வது? நிறத்தின் மூலம்தான். திரையில் சிவப்பாக வரைந்த கோட்டுக்கு ஒரு பேனா, மஞ்சளாக வரைந்த கோட்டுக்கு வேறொரு பேனா. ஆகவே சிவப்பு என்றால் சிவப்பு மை என்று பொருள் அல்ல. 'மெல்லிய கறுப்புக் கோடு' என்றும் பொருள் இருக்கலாம்.

அந்த வண்ணத்தட்டில் நிறங்களுக்கு எண்கள் உண்டு. 1 சிவப்பு, 2 மஞ்சள், 3 பச்சை, 4 சியான் எனப்படும் பச்சை கலந்த வெளிர் நீலம், 5 நீலம், 6 மெஜந்தா எனப்படும் ஊதா கலந்த சிவப்பு, 7 வெள்ளை. இந்த 7ஆம் எண், கறுப்புத் திரையில் வெள்ளையாகவும் வெள்ளைத் திரையில் கறுப்பாகவும் தெரியும். இப்படி மொத்தம் 255 எண்கள். கடைசி ஆறும், அதாவது 250 முதல் 255 வரை, சாம்பல் வகைகள். பேனா இயந்திரங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன; அந்த எண் முறை மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது.

இந்த 255 நிறங்களையும் நாம் மாற்ற முடியாது. 1 என்றால் எந்தக் கணினியிலும் சிவப்புதான். நம்மால் மாற்றக் கூடியது, ஒவ்வோர் எண்ணும் தாளில் என்னவாக வர வேண்டும் என்பதை. அதற்கென்று ஒரு பேனா அட்டவணைக் கோப்பு இருக்கிறது. அதைத் திறந்து, 1ஆம் நிறம் தாளில் கறுப்பாக, 0.18 மில்லிமீட்டர் பருமனில் வரட்டும். 2ஆம் நிறம் 0.35 மில்லிமீட்டர், 3ஆம் நிறம் 0.50 மில்லிமீட்டர் என்று எழுதி வைக்கலாம். வெட்டுச் சுவருக்குத் தடித்த கோடு, கதவுக்கும் சன்னலுக்கும் நடுத்தரக் கோடு, தரை ஓட்டுக்கு மெல்லிய கோடு. இந்த ஒழுங்கு இருந்தால்தான் கொத்தனாருக்குப் படம் எளிதில் விளங்கும்.

இங்கே பிள்ளைகள் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியே நிறம் கொடுக்காதீர்கள். சுவருக்கு ஓர் அடுக்கு, கதவுக்கு ஓர் அடுக்கு, தண்ணீர்க் குழாய்க்கு ஓர் அடுக்கு என்று பிரித்து, நிறத்தை அடுக்குக்குக் கொடுங்கள். பிறகு சுவரின் நிறத்தை மாற்ற நினைத்தால், அடுக்கில் ஓரிடத்தில் மாற்றினால் போதும். ஆயிரம் கோடுகளும் மாறிவிடும்.

இரண்டாவது, ஆட்டோகேட்டில் 255 எண் நிறங்கள் தவிர, கோடிக்கணக்கான நிறங்களில் எதையும் எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அப்படி எடுத்த நிறம் நாம் சொன்ன பேனா அட்டவணைக்குக் கட்டுப்படாது. திரையில் சாம்பலாக வரைந்த கோடு, தாளிலும் சாம்பலாகவே வந்து நிற்கும். எனவே அடையாளக் கோடுகளுக்கு எண் நிறங்களையும், சாயம் பூசும் பரப்புகளுக்கு மட்டும் மற்ற நிறங்களையும் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, படத்தை வேறோர் அலுவலகத்திற்கு அனுப்பும்போது பேனா அட்டவணையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அங்கே இருப்பவர்களின் அட்டவணையில் 3ஆம் நிறம் மெல்லிய கோடாக இருந்தால், நம் சுவர் மயிரிழையாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, 'இங்கே எந்த அட்டவணையைப் பயன்படுத்துகிறீர்கள்?' என்று கேட்கும் பிள்ளையை அனுபவமுள்ளவர்கள் மதிப்பார்கள். ஊராட்சி மன்றத்திற்குக் கொடுக்கும் படமானால், அந்த மன்றம் கேட்கும் நிறக் குறிகளை முன்கூட்டியே விசாரித்து, அதன்படியே போட வேண்டும்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் எளிதில் பிரித்தறிய முடியாது. இது பிறவியிலேயே வருவது. பெண்களிடம் மிகவும் குறைவு. தண்ணீர்க் குழாயைப் பச்சையிலும் மின்கம்பியைச் சிவப்பிலும் போட்டு, வேறு எந்தக் குறிப்பும் எழுதாமல் விட்டால், அத்தகைய ஒருவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியலாம். ஆகவே ஒன்றை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் போட்டு, பக்கத்தில் பெயரும் எழுத வேண்டும். கறுப்புத் திரையில் அழகாகத் தெரியும் மஞ்சள் கோடு, வெள்ளைத் தாளில் நிறத்தோடு அச்சானால் கண்ணுக்கே தெரியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இனி, இரண்டாவது வேலைக்கு வருவோம். அதுதான் சுவரின் சாயம்.

வீட்டை முப்பரிமாணமாகக் காட்டுவதற்கு ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்கெட்ச்அப், பள்ளிப் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளக் கூடிய அளவுக்கு எளியது. இணையத்திலேயே இலவசமாகப் பயன்படுத்தும் வகையும் அதில் உண்டு. வீட்டின் உள்ளமைப்பை வரைய ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது.

ஸ்கெட்ச்அப்பில் மெட்டீரியல்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். அதைத் திறந்தால் நிறங்களும் செங்கல், மரம், ஓடு முதலியவற்றின் தோற்றங்களும் வரிசையாக இருக்கும். பிள்ளைகள் அதில் ஒன்றைத் தொட்டுச் சுவரில் வைத்துவிடுகிறார்கள். அந்த நிறங்களை அங்கே வைத்தவர்களுக்கு நம் ஊர்க் கடையில் எந்தச் சாயம் கிடைக்கும் என்பது தெரியாது. ஆகவே வழியைத் திருப்பிப் போட வேண்டும். கணினியிலிருந்து கடைக்குப் போகாமல், கடையிலிருந்து கணினிக்கு வர வேண்டும்.

அதை எப்படிச் செய்வது?

முதலில் சாயக்கடைக்குப் போய் நிற அட்டை ஒன்றை வாங்கி வாருங்கள். ஒவ்வொரு நிறத்திற்கும் கீழே ஒரு பெயரும் ஒரு குறி எண்ணும் இருக்கும். சில அட்டைகளில் பிஎஸ் 4800 என்ற பிரிட்டிஷ் தரத்தின் குறியும் காணப்படும். எடுத்துக்காட்டாக, 08 பி 15 என்பது மேக்னோலியா எனப்படும் பாலேட்டு நிறம். முதல் எண் நிறத்தின் இனத்தையும், நடு எழுத்து அதில் சாம்பல்தன்மை எவ்வளவு என்பதையும், கடைசி எண் நிறத்தின் அழுத்தத்தையும் குறிக்கின்றன. ஐரோப்பியப் பொருள்களில் ரால் என்ற குறியையும் பார்க்கலாம். அது ஜெர்மனியில் 1927ஆம் ஆண்டு 40 நிறங்களோடு தொடங்கிய முறை. பெயரை நம்பாமல் குறி எண்ணை நம்புங்கள். 'சந்தன நிறம்' என்று பத்துப் பேரிடம் சொன்னால் பத்துச் சந்தனம் கிடைக்கும்.

அடுத்து, அந்த நிறத்தைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளால் எல்லா நிறங்களையும் காட்டுகிறது. ஒவ்வோர் ஒளியின் அளவும் 0 முதல் 255 வரை. மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. சிவப்பு 255, பச்சை 253, நீலம் 208 என்று கொடுத்தால் பாலாடை போன்ற ஓர் இளமஞ்சள் வரும். சாய நிறுவனங்கள் பல, தங்கள் நிறங்களுக்குரிய இந்த மூன்று எண்களையும் இணையத்தில் வெளியிடுகின்றன. அந்த எண்களை மெட்டீரியல்ஸ் பெட்டியில் எழுதினால் புதிய நிறம் பிறக்கும்.

அதற்குப் பெயர் வைக்கும்போது, 'மஞ்சள் 1', 'மஞ்சள் 2' என்று வைக்காதீர்கள். 'வெளிச்சுவர்', 'முன்கதவு', 'சமையலறைச் சுவர்', 'சன்னல் ஓரம்' என்று இடத்தின் பெயரையும் கூடவே கடைக் குறி எண்ணையும் வையுங்கள். இதில் பெரிய பயன் இருக்கிறது. வெளிச்சுவர் நிறத்தை அம்மா மாற்றச் சொன்னால், 'வெளிச்சுவர்' என்ற நிறத்தைத் திறந்து எண்களை மாற்றினால் போதும். வீட்டைச் சுற்றியுள்ள எல்லா வெளிச்சுவர்களும் ஒரே நொடியில் மாறிவிடும். அப்பாவும் படத்தைக் காட்டி, 'இது போலக் கொடுங்கள்' என்று கேட்க வேண்டியதில்லை. குறி எண்ணைச் சொன்னால் போதும்.

கடைசியாக, வேண்டாத நிறங்களை நீக்கிவிட்டு, ஐந்தாறு நிறங்களை மட்டும் வைத்து, அதை ஒரு மாதிரிக் கோப்பாகச் சேமித்து வையுங்கள். அடுத்த வீட்டை வரையும்போது அந்தக் கோப்பிலிருந்தே தொடங்கலாம்.

ஆனால் நேயர்களே, இத்தனையும் செய்த பிறகும் திரை திரைதான், சுவர் சுவர்தான். திரை தானே ஒளி விடுகிறது. சுவரோ, தன் மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரையில் சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் வரும். சிவப்புச் சாயத்தையும் பச்சைச் சாயத்தையும் வாளியில் கலந்து பாருங்கள். சேற்று நிறம்தான் வரும். ஒரே படத்தை இரண்டு கைத்தொலைபேசிகளில் பார்த்தாலே நிறம் வேறுபடுகிறது. பகல் வெளிச்சத்தில் ஒரு விதமாகவும் இரவு விளக்கில் வேறு விதமாகவும் தெரிகிறது. முப்பரிமாணப் படத்தில் வெயிலும் நிழலும் சேர்த்திருந்தால், ஒரே எண்ணுள்ள நிறம் ஒரு சுவரில் வெளிறியும் அடுத்த சுவரில் இருண்டும் காட்சி தரும். அட்டையில் நகத்தளவு பார்க்கும்போது மென்மையாகத் தெரியும் நிறம், அறை முழுக்கப் பூசியதும் அழுத்தமாகத் தெரிவதும் உண்டு.

எனவே கணினி நமக்குச் செய்து தருவது வடிகட்டும் வேலை. நூறு நிறங்களை மூன்றாகக் குறைக்க அது உதவும். அந்த மூன்றில் ஒன்றைச் சுவர்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்றிலும் கிடைக்கும் மிகச் சிறிய தகரத்தை வாங்கி, ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் சுவரில் இரண்டு பூச்சு பூசுங்கள். நன்றாகக் காய விடுங்கள். காலையிலும் பிற்பகலிலும் இரவிலும் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். அந்தச் சிறு செலவு, பெரிய செலவைக் காப்பாற்றும்.

எவ்வளவு சாயம் வேண்டும் என்பதையும் அதே படத்திலிருந்து கணக்கிடலாம். நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள சுவரின் பரப்பு 12 சதுர மீட்டர். இரண்டு பூச்சுக்கு 24 சதுர மீட்டர். ஒரு லிட்டர் 10 சதுர மீட்டருக்கு வரும் என்று தகரத்தில் எழுதியிருந்தால், இந்தச் சுவருக்கு 2.4 லிட்டர் வேண்டும். கதவு சன்னலின் பரப்பைக் கழித்துக்கொள்ளலாம். எல்லாத் தகரங்களையும் ஒரே சமயத்தில் கலந்து வாங்குவது நல்லது. பிறகு கலந்தால் சிறு வேற்றுமை தெரியக் கூடும்.

நம் நாட்டு வெயிலையும் மறந்துவிட வேண்டாம். இருண்ட நிறம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். வெளிறிய நிறம் அதைத் திருப்பி அனுப்பும். சாய அட்டைகள் சிலவற்றில், ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதை 0 முதல் 100 வரை ஓர் எண்ணால் குறித்திருப்பார்கள். எண் கூடக் கூட, நிறம் வெளிறியது. பிற்பகல் வெயில் முழுவதும் விழும் மேற்குச் சுவருக்கு எண் கூடிய நிறத்தையே தேர்ந்தெடுங்கள். ஆசைப்பட்ட அடர்ந்த நிறத்தை முன்கதவுக்கோ, நிழல் விழும் ஒரு சுவருக்கோ வைத்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களே, பிள்ளை கணினியின் முன் உட்கார்ந்து நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்தால், விளையாடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். 'இந்த நிறம் கடையில் கிடைக்குமா? குறி எண் என்ன? மேற்குச் சுவர் எது?' என்று கேளுங்கள். கணினி தெரியாவிட்டாலும் இந்தக் கேள்விகளைக் கேட்க நம்மால் முடியும். பாட்டிக்குக் கண் மங்கலாக இருந்தால், கதவின் நிறமும் சுவரின் நிறமும் நன்றாக வேறுபடட்டும் என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல வீட்டில் இருப்பவர்களால்தான் முடியும். மென்பொருளைச் செய்தவர்களுக்கு நம் பாட்டியைத் தெரியாது.

பிள்ளைகளே, நீங்களும் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். முன்னதாகவே வைக்கப்பட்ட வண்ணத்தட்டைப் பயன்படுத்துவது குற்றம் அல்ல. ஏன் இந்த நிறம் என்று யாராவது கேட்டால், 'கணினி கொடுத்தது' என்பது பதிலாகக் கூடாது. 'மேற்கு வெயிலுக்காக இது; அம்மா விரும்பியதால் அது; கடையில் இந்தக் குறி எண்ணில் கிடைக்கிறது' என்று சொல்லத் தெரிய வேண்டும். நாளை நீங்கள் பிறர் வீட்டை வரையப் போகிறவர்கள். அவர்களும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில்தான் சாயம் வாங்குவார்கள்.

லயத்தின் கதவுக்கு நிறத்தை யாரோ முடிவு செய்தார்கள். நாம் அதன் பின்னால் குடியிருந்தோம். சொந்தக் கதவுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் நாள் வந்திருக்கும்போது, அந்த முடிவைக் கணினியிடம் விட்டுவிட வேண்டாம். குடும்பத்தோடு கூடிப் பேசி, சுவரில் பூசிப் பார்த்து, நாமே முடிவு செய்வோம்.